இருபது வருஷம் பேயாக இருந்தவன்

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஓர் உளவுத் தொடருக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தொடரின் பெயர் வேண்டாம், வேலை கொடுத்த கம்பெனியின் பெயரும் வேண்டாம். எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, மூன்று நாளில் நான்கு எபிசோடு கேட்பார்கள். ராத்திரி இரண்டு மணி. திரையில் ஒரு கிழவர் இன்னொரு கிழவரைக் காட்டி என்னவோ சொன்னார். காதில் விழுந்ததைக் கை தானாகத் தட்டியது: "அவன் இருபது வருஷம் பேயாக இருந்தவன்."

சரிபார்ப்பவர் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது. தொடர் வந்த பிறகு முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். என் பெயர் கடைசியில் ஓடும் என்பதற்காகவே பிடிக்காத தொடரையெல்லாம் உட்கார்ந்து பார்ப்பாள்.

"ஏண்டி, இருபது வருஷம் பேயா இருந்தானாம். இப்ப எப்படிடி உக்காந்து காப்பி குடிக்கிறான்?"

ஆங்கிலத்தில் அந்தக் கிழவர் சொன்ன சொல் ஸ்பூக். பேச்சு வழக்கில் அதற்குப் பேய் என்றும் பொருள், உளவாளி என்றும் பொருள். காப்பி குடித்தவர் ஓய்வுபெற்ற உளவாளி. பேய் என்ற அர்த்தம் மட்டும் தெரிந்த நான் அவருக்குக் காரியமே பண்ணிவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஓர் எழுத்தாளருக்குப் பிடித்த எழுத்தாளர் இருப்பது மாதிரி, மொழிபெயர்ப்பு செய்கிறவர்களுக்குத் தங்களைக் கவிழ்த்துவிட்ட ஒரு சொல் இருக்கும். எனக்கு இது.

முதலில் பேயையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பேய்க்குப் பொதுச்சொல் கோஸ்ட். பழைய சொல், மரியாதையான சொல், தேவாலயத்துக்குள்ளும் நுழையும். ஸ்பூக் அப்படியில்லை. அது பாதி விளையாட்டு. அக்டோபர் கடைசியில் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு மிட்டாய் கேட்க வரும் குழந்தை ஸ்பூக். பாழடைந்த வீட்டைப் பார்த்து 'ஸ்பூக்கியா இருக்கு' என்று இப்போது அண்ணா நகர் பிள்ளைகளே சொல்கிறார்கள். ஆனால் 'ஹோலி கோஸ்ட்' என்று சொல்கிற இடத்தில் எந்தப் பாதிரியாரும் 'ஹோலி ஸ்பூக்' என்று சொல்லிவிட முடியாது. நமக்கும் அதே வரம்பு உண்டு. 'பரிசுத்த ஆவி' என்கிறோம். அந்த இடத்தில் 'பேய்' வந்தால் அடிதடி ஆகிவிடும்.

சொல் டச்சுக்காரர்களுடையது. அவர்கள் எழுதுவதும் இதே எழுத்துகளில்தான், ஆனால் வாயில் 'ஸ்போக்' என்று வரும். நியூயார்க்கின் பழைய பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். 1664ல் ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்தபோது கொடி மாறியதே தவிர, டச்சுக் குடும்பங்களும் அவர்கள் பேச்சும் அங்கேயே இருந்தன. அமெரிக்க ஆங்கிலத்துக்கு 'பாஸ்' வந்தது அந்த வழியில். 'குக்கி' வந்தது அந்த வழியில். சாண்டா கிளாஸ் என்ற பெயர்கூட அங்கிருந்துதான். ஸ்பூக் அச்சில் தலைகாட்டியது 1801ல், டச்சுக்காரன் உடைத்து உடைத்துப் பேசும் ஆங்கிலத்தைக் கிண்டல் செய்யும் ஒரு வேடிக்கைப் பாட்டில். "எந்த ஸ்பூக்கையும் போல வேகமாகப் பறப்பேன்" என்கிறான் ஒருவன். வெளியிட்ட செய்தித்தாளின் பெயர் 'மசாசூசெட்ஸ் ஸ்பை'. உளவாளி என்று பெயர் வைத்த பத்திரிகையில் பேயாக அறிமுகமான சொல், ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷம் கழித்து உளவாளியாகவே ஆனது. இப்படியெல்லாம் நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் எடிட்டர் வெட்டியிருப்பார்.

அதே டச்சுக்காரர்கள் நம் கரைக்கும் வந்தார்கள். பழவேற்காட்டில் 1613ல் கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது, இந்த வாசலில் ஸ்போக் என்ற சொல்லை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. நம் காதில் விழுந்திருக்கும், ஒட்டவில்லை. டச்சிலிருந்து தமிழுக்கு வந்து ஒட்டியவை வேறு. துட்டு வந்தது. கக்கூஸ் வந்தது. இலங்கைத் தமிழர் ஆபீசைச் சொல்கிற கந்தோர் வந்தது. காசு, கழிப்பறை, அலுவலகம் என்று நமக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டோம். பேய் நம்மிடமே போதுமான அளவு கைவசம் இருந்தது.

டச்சுக்காரர்கள் அந்தச் சொல்லை இன்றைக்கும் வேலை வாங்குகிறார்கள். நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டி வருகிறவன் அவர்களுக்கு 'பேய் ஓட்டி'. இந்தக் கணக்கில் நம் ஜி.எஸ்.டி. சாலையில் பாதிப் பேர் பேய்கள். தென்னாப்பிரிக்காவில் டச்சிலிருந்து கிளைத்த ஆப்ரிக்கான்ஸ் மொழியில் பஞ்சு மிட்டாய்க்குப் பெயர் 'பேய் மூச்சு'. வாயில் வைத்ததும் காணாமல் போவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் யாரும் வைக்க முடியாது. டேனிஷில் இதன் உறவுக்காரச் சொல் ஒன்றுக்கு அர்த்தம் 'வேடிக்கைப் பேச்சு'. ஜெர்மனில் ஷ்பூக். இந்த ஜெர்மன் பேய்தான் இயற்பியலுக்குள்ளும் புகுந்தது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு துகள்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாகக் குவாண்டம் கோட்பாடு சொன்னதை ஐன்ஸ்டீனால் ஜீரணிக்க முடியவில்லை. 1947 மார்ச்சில் இயற்பியலாளர் மேக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதத்தில், தூரத்திலிருந்து நடக்கும் பேய்த்தனமான வேலை என்ற பொருளில் கடிந்துகொண்டார். (போர்ன் யாரென்றால், சி.வி. ராமன் அழைத்து 1935-36ல் பெங்களூரில் சில மாதம் இருந்துவிட்டுப் போனவர்.) அந்தப் பேய் நிஜம் என்பதைச் சோதனையில் காட்டிய மூன்று பேருக்கு 2022ல் நோபல் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து நோபல் வாங்கிய ஒரே பேய் அதுதான்.

உளவாளிக்கு வருகிறேன். அந்த அர்த்தம் 1942 வாக்கில் எழுத்தில் தென்படுகிறது, உலகப் போர் நடந்த சமயம். காரணம் சொல்லவே வேண்டாம். இருப்பான், தெரியமாட்டான். சுவர் தாண்டுவான், தடம் இருக்காது. பேருக்குப் பேர் மாற்றுவான். பிரிட்டனில் உளவுத் துறையை வைத்து வந்த ஒரு பிரபலமான பிபிசி தொடருக்குப் பெயரே 'ஸ்பூக்ஸ்'. 2002 முதல் 2011 வரை ஓடியது. அதே தொடர் அமெரிக்காவுக்குப் போனபோது பெயரை, பிரிட்டிஷ் உளவு அமைப்பின் பெயரான 'எம்.ஐ.5' என்று மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்ற வேண்டும்? அமெரிக்கர்களுக்கு உளவாளி என்ற அர்த்தம் தெரியாதா? நன்றாகவே தெரியும். இன்னொன்றும் தெரியும், அதுதான் சிக்கல். அதைப் பிறகு சொல்கிறேன்.

இடையில் குதிரை. ஸ்பூக் வினைச்சொல்லாகவும் வரும், குதிரைக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்வார்கள். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் குதிரை ஸ்பூக் ஆகும். வட்டி உயரும் என்று யாராவது முணுமுணுத்தால் பங்குச்சந்தை ஸ்பூக் ஆகும். இங்கே தமிழ் என்னைக் கைவிடவே இல்லை. மிரளுதல். அம்மாவின் சாத்தூர்ப் பக்கத்தில் வண்டிமாடு மிரளும், பேப்பரில் சந்தை மிரளும். ஒரே சொல், இரண்டுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. மொழிபெயர்ப்பில் இப்படி ஓர் இடம் வந்தால் எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் 'பேய்' என்ற சொல் தமிழில் வேறு திசையில் போயிருக்கிறது. ஆங்கில ஸ்பூக் கிளை விட்டதெல்லாம் மறைவை நோக்கி. நம் பேய் போனது மிகையை நோக்கி. பேய் மழை, பேய்க்காற்று, பேய்ப்பசி. 'பேயா உழைக்கிறான்' என்றால் திருட்டுத்தனமாக உழைக்கிறான் என்றா அர்த்தம்? காட்டில் தானாக முளைத்து வாயில் வைக்க முடியாமல் கசப்பது பேய்ச்சுரை. பாலையில் தண்ணீர் மாதிரி ஓடி ஏமாற்றும் கானலுக்குப் பழைய தமிழில் பேய்த்தேர், அது ஒன்றுதான் கொஞ்சம் ஸ்பூக்குக்குப் பக்கத்தில் வருகிறது. அதோடு, பேய் என்பதை மனிதர்கள் விரும்பிச் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். காரைக்கால் அம்மையார் தன் பாட்டுகளில் 'காரைக்காற் பேய்' என்றே கையெழுத்துப் போடுகிறார். முதலாழ்வார் மூவரில் ஒருவர் பேயாழ்வார், பக்தி முற்றிப் பேய் பிடித்தவர் போல ஆனவர். மிகையின் உச்சம் தெய்வம்வரை போகும். மறைவின் உச்சம் அப்படிப் போகவில்லை. அது எங்கே போனது என்பதுதான் அந்தப் பிபிசி தொடரின் பெயர் மாறிய கதை.

1940களுக்குள் வெள்ளை அமெரிக்கர்கள் சிலர் கறுப்பர்களை ஸ்பூக் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். எப்படி வந்தது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இது: இருட்டில் நின்றால் அவர்கள் தெரியமாட்டார்களாம்.

இதை முதன்முதலாகப் படித்தபோது மடிக்கணினியை மூடி வைத்துவிட்டேன். நான் ஆறாம் வகுப்பு படித்த பள்ளியில் மத்தியானம் கரண்ட் போகும். மழைக்காலமானால் வகுப்பு இருட்டாகும். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், இவளைக் காணோம்!" இன்னொரு குரல்: "சிரிக்கச் சொல்லுங்க டீச்சர், பல்லு தெரியும்." முழு வகுப்பும் சிரிக்கும். டீச்சரும் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்று சிரிப்பார். நானும் சிரிப்பேன், அதுதான் கொடுமை. சிரித்துப் பல்லைக் காட்டி இருக்கிறேன் என்று நிரூபிப்பேன். இந்த ஜோக்கை நம்முடைய எத்தனை சினிமாக்களில் பார்த்தாயிற்று. ஆக, ஸ்பூக் என்ற வசைக்கு விளக்கம் தேடி நான் அமெரிக்கா போயிருக்கவே வேண்டாம். ஒருவரையொருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு ஊர்களில், ஒரே ஜோக்கைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மிடம் ஒரு பழமொழி கிடக்கிறது. இந்த வசையின் அகராதிப் பதிவுக்குக் கீழே அதை அப்படியே அச்சடித்துவிடலாம். இருண்டது பேசாமல் நிற்கிறது, அரண்டவன் பெயர் வைக்கிறான்.

பெயர் வைக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் கறுப்பர்கள் விமானம் ஓட்ட லாயக்கில்லை என்ற நினைப்பு இருந்தது. அலபாமாவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1941ல் அவர்களுக்கென்று தனியாகப் பயிற்சி தொடங்கினார்கள். தனியாக என்றால் ஒதுக்கி. ஏறக்குறைய ஆயிரம் விமானிகள் அங்கிருந்து வெளியே வந்தார்கள். அவர்கள் போய் மோதியது ஜெர்மன் விமானப்படையோடு. அதன் பெயர் லுஃப்ட்வாஃபே. இவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பட்டப்பெயர் 'ஸ்பூக்வாஃபே'. எதிரியின் பெயரையும் சொந்த நாட்டுக்காரன் வைத வசையையும் ஒன்றாகத் தைத்து மாட்டிக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இந்த ஒற்றைச் சொல்தான். மொழிபெயர்க்கச் சொன்னால் கையை விரித்துவிடுவேன்.

உளவாளி அர்த்தமும் வசை அர்த்தமும் ஒரே தலைப்பில் மோதிக்கொண்டதும் உண்டு. சாம் கிரீன்லீ 1969ல் எழுதிய நாவலின் தலைப்பு, வாசலோரம் உட்கார்ந்திருக்கும் ஸ்பூக் என்று பொருள்படும். சி.ஐ.ஏ. பெயருக்கு ஒரு கறுப்பரை வேலைக்கு எடுத்து, வருகிறவர் போகிறவர் கண்ணில் படட்டும் என்று வாசலோரம் உட்கார வைக்கிறது. அவர் உளவாளி, ஆகவே ஸ்பூக். அவர் கறுப்பர், ஆகவே ஸ்பூக். யாருக்கும் தெரியக்கூடாத வேலையில், எல்லோருக்கும் தெரிவதற்காகவே வைக்கப்பட்ட ஆள். தமிழில் இந்தத் தலைப்பை எழுதச் சொன்னால் ஒரு பக்க அடிக்குறிப்பு வேண்டும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் விநோதம். 1985. மெல்வின் டூமின் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர், அமெரிக்காவின் இன உறவுகளைப் பற்றியே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். வருகைப் பதிவு எடுக்கிறார். பருவம் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியும் இரண்டு பெயர்கள் மட்டும் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. வகுப்பைப் பார்த்துக் கேட்கிறார்: இவர்களை யாருக்காவது தெரியுமா, இப்படி ஆட்கள் இருக்கிறார்களா, இல்லை இவர்கள் ஸ்பூக்குகளா?

அவர் நினைத்தது பேய். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. வேறு என்ன நினைப்பார்? வராத இருவரும் கறுப்பின மாணவர்கள். விசாரணை பல மாதம் நடந்தது. பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிக் கொடுத்து, கடைசியில் குற்றமில்லை என்று வெளியே வந்தார். அவருடைய நண்பர் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத். 2000ல் வந்த தன் 'தி ஹ்யூமன் ஸ்டெய்ன்' நாவலுக்கு விதை இந்தச் சம்பவம்தான் என்பதை ராத் 2012ல் ஒரு பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். நாவல் யாரோ வேறொருவரின் வாழ்க்கையை வைத்து எழுதியது என்று இணையக் கலைக்களஞ்சியத்தில் போட்டிருந்ததைத் திருத்தப் போய், எழுதியவர் நீங்களே ஆனாலும் உங்கள் வார்த்தை மட்டும் போதாது என்று பதில் வந்த கோபத்தில் எழுதிய கடிதம் அது.

டூமின் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. காப்பி குடிக்கிற ஆளை இருபது வருஷம் பேயாக்கியவள் நான், எந்தச் சொல்லுக்குள் எது ஒளிந்திருக்கும் என்று எல்லா நேரமும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த இரண்டு மாணவர்கள் பக்கமும் என் மனசு போகிறது. தாங்கள் இல்லாத வகுப்பில், தாங்கள் இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்ட கேள்விக்கு அந்தச் சொல்லே வந்து விழுந்ததை அவர்கள் பிறகு எப்படிக் கேள்விப்பட்டிருப்பார்கள்? யார் சொல்லியிருப்பார்கள்? சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்களா? வருகைப் பதிவேடும் இருட்டு ஜோக்கும் ஒரே இடத்தில் வந்தால் என்னால் நடுநிலையாக நிற்க முடிவதில்லை.

போன வருஷம் அந்தச் சொல் மறுபடி என் மேஜைக்கு வந்தது. பழைய காலத்தில் நடக்கும் ஒரு படம். ராணுவ முகாம், சாப்பாட்டு வரிசை. ஒரு வெள்ளைச் சிப்பாய், தட்டோடு நிற்கும் கறுப்புச் சிப்பாயைப் பார்த்து இரண்டே சொல்லில் கூப்பிடுகிறான். இரண்டாவது சொல் ஸ்பூக். திரையில் எனக்குக் கிடைப்பது ஒன்றரை நொடி. அடிக்குறிப்புக்கு இடமே கிடையாது.

'கறுப்பா' என்று போட்டால் வசை வருகிறது, பேய் போய்விடுகிறது. அதோடு தமிழில் அது பாசமாகவும் ஒலிக்கும். 'பேயே' என்று போட்டால் அம்மா பிள்ளையைத் திட்டுவது மாதிரி ஆகிவிடும். 'கரிக்கட்டை' நிறத்தை மட்டும் சொல்கிறது. 'இருட்டு' என்று தட்டிப் பார்த்தேன், ஆறாம் வகுப்பு ஞாபகத்தில். பாதி சரி, ஆனால் கேட்கிறவருக்குப் பேய் தெரியாது. இரண்டு நாள் அந்த ஒரு வரியை மஞ்சள் நிறத்தில் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முடித்தேன்.

அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மையால் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் புளியமரத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். "காத்துக்கருப்பு அண்டிரும்டி" என்றாள், என்னைப் பார்த்துக்கூட இல்லை, குழந்தையின் பாட்டியைப் பார்த்து. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சொல். காற்று என்றால் கண்ணுக்குத் தெரியாதது. கருப்பு என்றால் கருப்பு. இரண்டும் சேர்ந்தால் பேய். டச்சிலிருந்து கிளம்பி மசாசூசெட்ஸ், அலபாமா, பிரின்ஸ்டன் எல்லாம் சுற்றி அந்த ஆங்கிலச் சொல் சேர்த்துவைத்த அத்தனையும் அம்மாவின் வாயில் ஒரே மூச்சில் இருந்தது. கருப்பைப் பேயோடு முடிச்சுப் போட நாமும் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை என்பதும் அதிலேயே இருந்தது.

"டேய் காத்துக்கருப்பு" என்று அடித்தேன். அளவுக்குள் வந்தது. சரிபார்ப்பவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்: 'இது திட்டுகிற சொல் மாதிரி இல்லையே, பரவாயில்லையா?' வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி, தட்டோடு நிற்கிறவரின் முகத்தைப் படமாகப் பிடித்து அனுப்பினேன். வேறொன்றும் எழுதவில்லை. ஓகே என்று வந்தது.

படம் வெளியானதும் வழக்கம்போல அம்மா பார்த்தாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, ஹாலில் சத்தம் வருவதை வைத்து எந்தக் காட்சி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டுகள் மோதும் சத்தம், சாப்பாட்டு வரிசை. இரண்டு சொல். அம்மா ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் தட்டுகள், மறுபடியும் அந்த இரண்டு சொல்.

"ஏண்டி," என்றாள் அங்கிருந்தே, "ஒன்னைய ஸ்கூல்ல என்ன சொல்லிக் கூப்பிட்டாளுக?"

"ஞாபகம் இல்லம்மா," என்றேன். குக்கர் விசில் வந்தது.